கூட்டத்தில் மட்டும் ஆங்கிலம் ஏன் காணாமல் போகிறது?

கேட்கப்பட்டது இது: “திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மூன்று ஆண்டாகிறது. கட்டுமான நிறுவனத்தில் பொறியாளர். மின்னஞ்சல் பிழையில்லாமல் எழுதுவேன். தளத்தில் மியன்மார், பங்களாதேஷ் ஊழியர்களிடம் ஆங்கிலத்தில் பேசுவதில் சிக்கலே இல்லை. ஆனால் வாராந்திரக் கூட்டத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு தமிழர் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். உச்சரிப்பு வகுப்பில் பணம் கட்டிச் சேரலாமா? தொடக்கப்பள்ளி போகும் மகள் வேறு என் ஆங்கிலத்தைத் திருத்துகிறாள்.”

வகுப்புக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். பிழையில்லாமல் மின்னஞ்சல் எழுதுகிறவருக்கு இலக்கணம் போதுமான அளவு இருக்கிறது. தளத்தில் வேலை சொல்லி, அது சொன்னபடியே நடக்கிறது என்றால் உச்சரிப்பும் வேலைக்கு ஆகிறது. ஒரே வாய் தளத்தில் ஒரு மாதிரியும் கூட்ட அறையில் ஒரு மாதிரியும் பேசுகிறதென்றால், எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேசும்போது மனம் என்ன செய்கிறது என்பதை வில்லெம் லெவெல்ட் என்ற டச்சு மொழி உளவியலாளர் 1989-இல் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில், சொல்லப்போவது என்ன என்று முடிவாகும். அடுத்து அதற்கான சொல்லும் வாக்கியமும் தேடி எடுக்கப்படும். பிறகு வாய் ஒலிக்கும். இதற்கெல்லாம் மேலே ஒரு காவல்காரர் நின்று, வெளியே போவது சரியா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தமிழில் பேசும்போது சொல் தேடுவது தானாக நடந்துவிடும். கவனம் முழுவதும் விஷயத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் சொல் தேடவும் கவனம் வேண்டும். அந்தக் கவனம் அளவாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் காவல்காரர் மிரண்டுபோய், “அவர் என்ன நினைப்பார், இவர் சிரிப்பாரோ” என்று ஒவ்வொரு சொல்லையும் வாசலிலேயே நிறுத்திச் சோதித்தால், தேடுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. நன்றாகத் தெரிந்த சொல்கூட வராது. மாலை எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அதே சொல் பளிச்சென்று வந்து நிற்கும். காவல்காரர் அப்போது ஓய்வில் இருக்கிறார்.

இந்தப் பதற்றத்தை அளக்க 1986-இல் எலைன் ஹார்விட்ஸும் அவரோடு இருவரும் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார்கள். பதற்றத்தை அவர்கள் மூன்றோடு தொடர்புபடுத்தினார்கள்: பிறர்முன் பேசத் தயக்கம், தேர்வு பயம், குறைவாக எடைபோடுவார்களோ என்ற பயம். மூன்றுமே மனிதர்களைப் பற்றியவை. இலக்கணப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் இந்தப் பயம் குறையாமல் இருப்பதன் காரணம் இதுதான். சிலருக்குப் படிக்கப் படிக்கக் கூடவும் செய்யும். காவல்காரருக்குப் புதிதாகச் சில விதிகள் கிடைக்கின்றன அல்லவா?

இரண்டாவது சிக்கல் நேரம். உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பத்து மொழிகளில் அளந்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி சுமார் 200 மில்லிவினாடி. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை மட்டும் தாய்மொழியில் சொல்லவே ஏறக்குறைய 600 மில்லிவினாடி ஆகும். அப்படியென்றால் எல்லோரும் எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே தங்கள் பதிலைத் தயார்செய்கிறார்கள். இரண்டாம் மொழியில் கேட்பவருக்குக் கேட்பதே முழுவேலை. அவர் கேட்டு முடித்து, வாக்கியம் கட்டி, வாயைத் திறக்கும்போது பேச்சு அடுத்தவரிடம் போய்விட்டிருக்கும். இது இரண்டு மூன்று முறை நடந்தால் “எனக்கு வராது” என்று மனம் முடிவுகட்டிவிடும். உண்மையில் நடந்தது ஒரு வினாடித் தாமதம் மட்டுமே.

ஆகவே கூட்டத்துக்குச் செய்ய வேண்டியது இடத்தைப் பிடிப்பது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, யோசிக்காமல் வாயில் வரும் இரண்டு மூன்று தொடர்களை வைத்துக்கொள்ளுங்கள். “ஒன் பாயிண்ட் ஃப்ரம் மை சைட்”, “கோயிங் பேக் டு த டிரெய்னேஜ்”, “கேன் ஐ ஜஸ்ட் செக் ஒன் திங்?” இவற்றைச் சொல்லி முடிக்க ஒன்றரை இரண்டு வினாடி ஆகும். அதற்குள் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பியிருப்பார்கள், அடுத்த வாக்கியமும் தயாராகியிருக்கும். தொடர்கள் சலிக்கும்வரை பழக்கப்பட வேண்டும். அவற்றையே யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தால் பயன் இல்லை.

நிகழ்ச்சி நிரலை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் வேலையைத் தொடும் ஓர் அம்சத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் தயார்செய்யுங்கள், பத்து வேண்டாம். அதைக் கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் இருந்தவர் பிறகு பேசினால் அறையே திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையே அடுத்த தடையாகிவிடும். வழக்கமாக இங்கே நடக்கும் தவறு, முழுப் பத்தியை மனப்பாடம் செய்துகொண்டு போவது. நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் மனப்பாடம் அறுந்துவிடும். அறுந்த இடத்திலிருந்து ஒட்டவும் முடியாது. வாக்கியத்தை எழுதாமல் எண்ணையும் பெயரையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மில்லிமீட்டர், எந்த மாடி, எந்தத் தேதி.

பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை சிங்கப்பூர்க் கூட்ட அறையில் “இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை” என்று படிக்கப்படுகிறது. இதைவிட ஆபத்தானது “யெஸ், யெஸ்”. நாம் அதை “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்ற பொருளில் சொல்கிறோம், தமிழில் ‘உம்’ கொட்டுவது போல. எதிரே இருப்பவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால், பழக்கமில்லாத சீன மேற்பார்வையாளர் ‘இல்லை’ என்று படிக்கிறார். வாய் ஆமாம் என்கிறது, தலை இல்லை என்கிறது. அவர் பாவம் என்ன செய்வார்?

காலையில் வேலைக்கு முன் தளத்தில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இந்தப் பொய் ஆமாம் உயிருக்கே உலை வைக்கும். சக ஊழியர்கள் முன்னால் “புரியவில்லை” என்று சொல்லக் கூச்சப்பட்டு எல்லோரும் “யெஸ் பாஸ்” என்பார்கள். நீங்களே பொறியாளர் என்பதால் இது உங்கள் கையிலும் இருக்கிறது. “அண்டர்ஸ்டாண்ட்?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. “முதலில் எதை மூடுவாய், அடுத்து யாரைக் கூப்பிடுவாய்?” என்று கேளுங்கள். நீங்கள் உத்தரவு வாங்கும்போதும் அதையே செய்யுங்கள்: “ஸோ ஐ க்ளோஸ் த வால்வ் ஃபர்ஸ்ட், தென் கால் யூ. கரெக்ட்?” திருப்பிச் சொல்வதில் கூச்சத்துக்கு இடமில்லை, கவனமாக வேலை செய்கிறவர் என்ற பெயரும் கிடைக்கும்.

இனி இன்னொரு தமிழர் விஷயம். இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. சீனரோ மலாய்க்காரரோ நம் ஆங்கிலத்தில் பிழை கேட்டால், அவருக்கு அது வெறும் பிழை. தமிழர் கேட்டால் பள்ளி, ஊர், குடும்பம், தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று வரலாறே தெரிந்துவிடும் என்ற பயம் வருகிறது. தமிழ்நாட்டில் ஆங்கிலம் மொழியாக மட்டும் இருப்பதில்லை, படிக்கட்டாகவும் இருக்கிறது. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று நாமே ஒருவரையொருவர் அளந்து பழகியிருக்கிறோம். அந்த அளவுகோலை விமானத்தில் கூடவே கொண்டுவந்துவிட்டோம்.

இதில் சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 1987 முதல் இங்கே எல்லாப் பள்ளிகளிலும் பாடமொழி ஆங்கிலம். தமிழ் தாய்மொழிப் பாடமாக மட்டும் கற்பிக்கப்படுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. நீங்கள் தமிழில் தொடங்க, அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திமிர் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். திருச்சித் தமிழ் வேகமாக வந்து விழும்போது, பள்ளித் தமிழோடு நின்றுவிட்ட பலர் “என் தமிழைப் பார்த்துச் சிரிப்பாரோ” என்று பயப்படுகிறார்கள். அவருக்குத் தமிழ் பயம், உங்களுக்கு ஆங்கிலப் பயம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திமிர்பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டு லிஃப்டில் சுவரைப் பார்த்து நிற்பார்கள். கோப்பிக் கடையில் ஒரு கோப்பியோடு நீங்கள் மெதுவான தமிழில் பேசுங்கள், அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். இப்படி இரண்டு மொழியில் ஓடும் உரையாடல் சிங்கப்பூரில் சாதாரணம். பழகிய பிறகு, உங்கள் ஆங்கிலத்தைத் திருத்தித் தர அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். ஒரு நிபந்தனை: கூட்டம் முடிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரே வகைப் பிழையை மட்டும். எல்லாவற்றையும் திருத்தச் சொன்னால் வெளியே இன்னொரு காவல்காரரை நியமித்தது போல ஆகிவிடும்.

இதே அழுத்தம் இன்னொரு விதமாகவும் வெளிப்படும்: அளவுக்கு மீறிய திருத்தம். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபாவ் 1966-இல் வெளியிட்ட நியூயார்க் ஆய்வில், கவனமாக வாசிக்கும்போது மதிப்புள்ள உச்சரிப்பை மேல்நடுத்தர வகுப்பாரைவிடக் கீழ்நடுத்தர வகுப்பார் அதிகமாகப் பயன்படுத்தினார்கள். ஏறத் துடிப்பவர் அளவைத் தாண்டிவிடுகிறார். நமக்கு இது புதிதல்ல. ழகரம் வரவில்லை என்று கேலிக்கு ஆளானவர் பள்ளியையும் ‘பழ்ளி’ ஆக்குவதைக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் அவர் பிராப்ளத்தை ‘ஃப்ராப்ளம்’ ஆக்குவார், எளிய சொல் இருக்கும் இடத்தில் அகராதிச் சொல்லைச் சொருகுவார், பாதி வாக்கியத்தில் அமெரிக்க உச்சரிப்புச் சாயல் வந்து அடுத்த பாதியில் தொலைந்துபோகும். கேட்பவருக்கு இதுதான் கடினம். சீரான திருச்சி ஆங்கிலத்துக்குக் காது இரண்டே நாளில் பழகிவிடும்.

சிங்லிஷ் எனப்படும் சிங்கப்பூர்ப் பேச்சுவழக்கு ஆங்கிலம் பற்றியும் ஒரு சொல். 2000-இல் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். இன்றும் கோப்பிக் கடையில் சிங்லிஷ்தான். தமிழருக்கு இது புரியாத புதிரல்ல. மேடைத் தமிழில் யாரும் டீ வாங்குவதில்லையே. கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், ‘கேன்’, ‘கேனாட்’ தாராளமாகச் சொல்லுங்கள், நம் ‘முடியும்’, ‘முடியாது’ போலவே அவை தனியாக நிற்கும். ‘லா’, ‘லே’, ‘மே’ போன்ற ஒட்டுகளை வலிந்து பிடிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இடமும் ஏற்ற இறக்கமும் உண்டு. தவறினால் கேலி செய்வது போலக் கேட்கும். தானாக வரும் நாளில் வரட்டும்.

பிழை என்று நீங்கள் பயப்படும் பலவற்றை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கப்படுபவை வேறு. இந்தியாவில் சரியாகவும் இங்கே கோணலாகவும் கேட்கும் சில சொற்கள் இருக்கின்றன. “ஐ ஹேவ் எ டவுட்” என்றால் நமக்குக் கேள்வி இருக்கிறது என்று பொருள். இங்கே “உங்கள் மேல் நம்பிக்கை இல்லை” என்று கேட்கும், “ஐ ஹேவ் எ கொஸ்டின்” போதும். “பாஸ்ட் அவுட்” என்றால் மயங்கி விழுந்தார் என்று ஆகும். ‘ப்ரிப்போன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ இரண்டும் புரியாது. லட்சம், கோடி கணக்கில் தொகை சொன்னால் ஒப்பந்தமே குழம்பும். ஹண்ட்ரட் தவுசண்ட், டென் மில்லியன் என்று மாற்றிச் சொல்லுங்கள். தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் தளத்துச் சத்தத்தில் ஒன்றாகவே கேட்கும். அளவு சொல்லும்போது ‘ஒன் த்ரீ’, ‘த்ரீ ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வது நல்லது.

உச்சரிப்பில் கை வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதற்கு வகுப்பு தேவையில்லை. குண்டூசிக்கும் பின், குப்பைத்தொட்டிக்கும் பின். மேலங்கியும் கோட், ஆடும் கோட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது பாருங்கள், நம் வாயிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. ஆங்கிலத்தில் குண்டூசியின் முதல் ஒலியோடு ஒரு மூச்சு வெளியே வரும். மாண்டரினிலும் இந்த இணையைப் பிரித்துக் காட்டுவது மூச்சுதான். மூச்சில்லாமல் நீங்கள் குண்டூசி என்றால் சீனர் காதில் அது குப்பைத்தொட்டியாக விழலாம். ஒரு மெல்லிய தாள் துண்டை வாய்க்கு முன் இரண்டு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். பார்க், டவுன், கோட் என்று சொல்லும்போது, பூங்கா, நகரம், மேலங்கி என்ற பொருளில் தாள் துள்ள வேண்டும். குரைப்பது, கீழே, ஆடு என்ற பொருளில் துள்ளக் கூடாது. தினமும் ஐந்து நிமிடம் போதும். சொல்லின் முதலில் வரும் ப, ட, க மூன்றுக்கு மட்டும் பழகுங்கள். கண்ட இடத்திலெல்லாம் மூச்சைச் சேர்த்தால் செயற்கையாக இருக்கும்.

மற்றபடி சாயலை மாற்ற வேண்டியதில்லை. மன்ரோ, டெர்விங் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மாண்டரின் பேசுவோரின் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் ‘சாயல் மிகக் கடுமை’ என்று மதிப்பெண் போட்ட பேச்சையும் பல நேரம் சொல் பிசகாமல் எழுதிக் காட்டினார்கள். சாயல் வேறு, புரிவது வேறு. புரியாமல் போவதற்கு வேகம் பெரிய காரணம், பயத்தில் எல்லோரும் வேகமாகப் பேசுகிறார்கள். ஐந்தாறு சொல்லுக்கு ஒரு நிறுத்தம் வையுங்கள்.

சில நேரம் கோளாறு கேட்பவரின் காதில் இருக்கும். 1992-இல் டொனால்ட் ரூபின் ஒரே ஒலிப்பதிவை இரண்டு மாணவர் குழுக்களுக்குப் போட்டார். பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர். ஒரு குழுவுக்கு வெள்ளையர் படத்தையும் மற்றதற்கு ஆசிய முகத்தையும் காட்டினார். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். இரண்டு முறை சொல்லியும் ஒருவருக்குப் புரியவில்லை என்றால் மூன்றாம் முறை குரலை உயர்த்தாமல் வரைபடத்தில் விரலை வையுங்கள், எண்ணை எழுதிக் காட்டுங்கள். சாயலைக் காரணம் காட்டியே ஒருவருக்கு வேலையோ உயர்வோ மறுக்கப்பட்டால் அது வேறு கணக்கு. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், பாதுகாக்கப்படும் அம்சங்களில் மொழித்திறனையும் சேர்த்திருக்கிறது. வேலைக்கு அந்த மொழி உண்மையிலேயே தேவைப்படும் இடங்களுக்கு விலக்கு உண்டு.

வகுப்புக்குப் பதிலாக வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று மொழி ஆசிரியர்களிடையே நெடுநாளாக உண்டு. வேலை சம்பந்தமான ஒரு விஷயத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டு நான்கு நிமிடம் பேசுங்கள். அதே விஷயத்தை மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில். முடிந்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம். மூன்றாம் முறை பேசும்போது சொல் தேடும் வேலை குறைந்திருக்கும். கூட்டத்தில் காவல்காரர் தொல்லை கொடுத்தாலும் மிச்சக் கவனத்தில் சமாளிக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் விஷயத்தை மாற்றிவிட்டால் பலன் போய்விடும். பதிவைக் கேட்கும்போது சாயலைக் கேட்காதீர்கள், எங்கே நின்றீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லுக்கு முன் நிற்கிறீர்களோ, அதுதான் அடுத்த வாரத்துக்கான பாடம்.

மகள் திருத்துவதில் தவறில்லை, நாலுபேர் முன்னால் திருத்துவதுதான் சுடுகிறது. வீட்டில் மட்டும் என்று அவளிடம் பேசி முடிவுசெய்யுங்கள். அவளுக்காக வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள். ஆங்கிலம் பள்ளியிலேயே கிடைக்கும், தமிழுக்கு வீட்டை விட்டால் வேறு இடம் அதிகமில்லை. திருத்துவது ஒருவழிப் பாதையாகவும் இருக்க வேண்டாம்: அவள் உங்கள் ஆங்கிலத்துக்கு ஒன்று சொன்னால், நீங்கள் அவள் தமிழுக்கு ஒன்று. பெற்றோர் சந்திப்புக்கு அவளை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்கக் கூடாது. தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை எதை விடும், எதைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்களுக்கு ஓரளவு விடை தெரிந்த கேள்வியை முதலில் கேளுங்கள். ஆசிரியர் பேசும் வேகம் காதுக்குப் பிடிபட்டுவிடும், மற்ற இரண்டும் அதற்குப் பிறகு.